பேசாத ஒரு மணி நேரம்

கோகிலவாணியின் வேலையில் பாதி, பேசாதீர்கள் என்று சொல்வது. மீதிப் பாதி, சொன்ன பிறகு பேசாமல் இருக்கிறார்களா என்று பார்ப்பது.

பெட் ஸ்கேன் எடுக்க வருகிறவர்களுக்கு முதலில் ஓர் ஊசி. அதில் இருப்பது சர்க்கரை. துளி கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை. உடம்பில் எந்த இடம் மெனக்கெட்டு உழைக்கிறதோ அந்த இடம் அதை அள்ளிக்கொள்ளும், படத்தில் மின்னும். புற்றுக்கட்டி இருந்தால் முதல் பந்தியில் உட்கார்ந்தவனைப் போல வாரி வாரி எடுத்துக்கொள்ளும். ஆனால் சர்க்கரைக்கு நல்லது கெட்டது தெரியாது. ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் வெற்றிலை மென்றால் தாடை மின்னும். காலை ஆட்டிக்கொண்டே இருந்தால் தொடை மின்னும். ஊர்க்கதை பேசினால் தொண்டை மின்னும். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நோயா, வம்பா என்று தெரியாமல் விழிப்பார்.

அதற்காகத்தான் அந்த அறை. மங்கலான விளக்கு, சாய்வு நாற்காலி, ஒரு கம்பளி. செல்போன் கிடையாது, வாரப் பத்திரிகை கிடையாது, துணைக்கு வந்தவர் கிடையாது. கோயம்புத்தூரின் அந்த மருத்துவமனையில் பதினான்கு வருடமாக அது கோகிலவாணியின் ராஜ்ஜியம். “என் ரூம்ல யாரும் பேசினது கிடையாது” என்று அவள் சொன்னால் டாக்டர்கள் மறுகேள்வி கேட்பதில்லை. அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

அவளும் பேசுகிறவள் அல்ல. பள்ளிக்கூடத்தில் ஊமைக்கோட்டான் என்று பெயர் வாங்கியவள். நாற்பத்தாறு வயதில், வடவள்ளியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருப்பவளுக்கு அந்தப் பெயர் இன்னும் பொருந்தியது. ஆனால் அது வெளியில் இருந்து பார்க்கிறவர்களின் கணக்கு. உள்ளே அவள் வாய் ஓய்ந்ததே இல்லை. தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறக்கும் கீழ்வீட்டு ருக்மணியிடம் காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஒரு வழக்கு. பஸ்ஸில் வரும்போது, எட்டு வருடத்துக்கு முன் விவாகரத்து வாங்கிக்கொண்டு போனவனிடம் அன்று சொல்லாமல் விட்ட பதில்கள், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் திருத்தப்பட்ட வடிவத்தில். மருத்துவமனை வாசல் வந்ததும் நிர்வாகியிடம் வாதம். எல்லா வழக்கிலும் அவளே ஜெயித்தாள். இது தன் ஒருத்திக்கு மட்டும் இருக்கிற கோளாறு என்று அவள் நினைத்திருந்தாள். கோளாறுகளை அவள் யாரிடமும் சொல்வதில்லை.

புது மெஷின் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எல்லோரும் அதை ‘சிபி மெஷின்’ என்றார்கள், ஏனென்றால் அதைச் செய்த குழுவின் தலைவன் சிபிச்சக்கரவர்த்தி அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இயற்பியலாளன், முப்பத்தெட்டு வயது, எப்போதும் சட்டையில் டீக் கறை.

அன்று வந்த நோயாளி கருணாம்பிகை. ஐம்பத்தாறு வயது. பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவள். போன வருடம் நிணநீர்க் கணுக்களில் புற்று வந்து, ஆறு சுற்று மருந்து ஏற்றி, முடி கொட்டி, மறுபடி முளைத்து, இப்போது எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தாள். நாற்காலியில் உட்காருவதற்குள் தன் குடும்பம், டிப்போ மேனேஜர், போன தடவை ஊசி போட்ட பெண்ணின் கல்யாணம் எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டாள்.

“ஏனுங் தம்பி, இந்த மெஷின்ல அப்பிடி என்னங்க புதுசு?” என்று சிபியைக் கேட்டாள்.

சிபிக்கு இந்தக் கேள்வி தேன். “உங்க உடம்புல அந்தச் சர்க்கரை ஒவ்வொரு துளியும் அணையறப்போ, ரெண்டு கதிர் எதிரெதிரா கிளம்புங்க. ஒண்ணு பொள்ளாச்சிப் பக்கம், ஒண்ணு மேட்டுப்பாளையம் பக்கம்னு வெச்சுக்குங்க. ரெண்டும் எப்ப, எங்க போய்ச் சேந்துதுன்னு பாத்தா, எங்கிருந்து கிளம்புச்சுன்னு கணக்குப் போட்டுடலாம்.”

“வண்டி எந்த ஸ்டாண்டுல இருந்து கெளம்புச்சுன்னு கண்டுபிடிக்கறீங்க.”

“அதேதான். பழைய மெஷினுக்கு எந்த ஊர்ங்கறது வரைக்கும் தெரியும். இதுக்கு எந்த பிளாட்பாரம், எத்தனாவது ரேக்குல வண்டி நின்னுச்சுங்கறது வரைக்கும் தெரியும். முன்ன பட்டாணி அளவு இருந்தாத்தான் கண்ணுக்குத் தெரியும். இப்போ கடுகுல பாதி இருந்தாலும் விடாது.”

“அப்ப ஒளிஞ்சுக்க முடியாதுங்கறீங்க” என்று கருணாம்பிகை சிரித்தாள்.

கோகிலவாணி ஊசியைப் போட்டாள். “இனி ஒரு மணி நேரம் பேசக்கூடாதுங்க்கா. உங்களால முடியுமா?”

“பந்தயங்களா?” என்று கேட்டுவிட்டு கருணாம்பிகை வாயை மூடினாள். அதற்குப் பிறகு அந்த ஒரு மணி நேரம் அவள் உதடு அசையவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து கோகிலவாணி பார்த்துக்கொண்டே இருந்தாள். பந்தயத்தில் தோற்றதுபோலவும் ஜெயித்ததுபோலவும் இருந்தது.

மறுநாள் காலை டாக்டர் பெஞ்சமின் அவளைக் கூப்பிட்டார். படங்களைப் படித்துச் சொல்கிறவர் அவர். நாகர்கோவில்காரர், திரையில் ஏதாவது கோணலாக இருந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது துடைத்துக்கொண்டிருந்தார்.

திரையில் கருணாம்பிகையின் குரல்வளை. அதில் குரல் நாணுக்கு உள்ளே, தசைக்குள், கடுகளவு இரண்டு மினுக்கல். அவற்றைச் சுற்றி கம்ப்யூட்டர் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. சிபி மெஷின் ஒவ்வொரு படத்தையும் ஓர் ‘இயல்பு உடம்பு’ படத்தோடு வைத்துப் பார்க்கும். அதில் இல்லாதது இதில் இருந்தாலும், அதில் இருப்பது இதில் இல்லாவிட்டாலும் சிவப்பு வட்டம். இயல்பு உடம்பு யாருடையது என்றால், சிபியுடையதுதான். நூறு ஆரோக்கியமான ஆட்கள் வேண்டும் என்று ஊழியர்களிடம் பட்டியல் நீட்டியிருந்தார்கள். இதுவரை ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் இப்போதைக்கு அவன் உடம்பே அளவுகோல்.

“பழைய மெஷின்ல இது தெரிஞ்சிருக்காது” என்றார் டாக்டர். “நேத்து சாயங்காலமே தொண்டைக்குள்ள குழாய் விட்டுப் பாத்தாச்சு. மேல ஒண்ணும் இல்ல. உள்ளுக்குள்ள இருக்கு. கோகிலா, அந்தம்மா பேசிட்டிருந்தாங்களா? அப்படின்னா இதுக்கு அர்த்தமே இல்ல.”

“இல்லைங்க டாக்டர். ஒரு வார்த்தை பேசலை. கேமராப் பதிவு இருக்கு.”

சொல்லும்போது வழக்கமான கர்வம் எட்டிப் பார்த்தது. சொல்லி முடித்ததும் அவளுக்குத் திக்கென்றது.

“அப்ப சர்க்கரையைத் தின்னது தசை இல்ல” என்றார் டாக்டர் மெதுவாக. “மறுபடி வந்திருக்குன்னுதான் எடுத்துக்கணும். வெள்ளிக்கிழமை சதை எடுத்துச் சோதிச்சுடலாம்.”

“எடுத்தா குரல்?”

“ரொம்ப ஆழத்துல இருந்து எடுக்கணும். கரகரத்துப் போகலாம். சில பேருக்குத் திரும்பி வரதே இல்ல.” அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஆனா இந்த வியாதில ஒரு மாசம் சும்மா இருக்கறதுதான் பெரிய தப்பு. நான் வேற என்ன செய்ய?”

அவர் கேட்டது நியாயம்தான். அவள் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு அறைக்குத் திரும்பினாள். பேசினாள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ? சொல்லியிருந்தால் மறுபடி ஊசி, மறுபடி ஒரு மணி நேரம், மறுபடி அதே இரண்டு கடுகு. பொய்யால் மூன்று நாள்தான் தள்ளிப்போட முடியும். இத்தனை வருடம் கட்டிக்காத்த மௌனம் ஒரு பொம்பளையின் குரலுக்குக் கத்தி தீட்டும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மத்தியானம் கருணாம்பிகை வந்தாள். டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள். அழவில்லை. வெளியே வந்து கோகிலவாணியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“வெள்ளிக்கெழமைங்களாமா. அதுக்குள்ள பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீத்துடறேன். என்ற வீட்டுக்காரருக்குத்தான் கஷ்டம்” என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “இருவத்தியெட்டு வருசம் அம்மிணி. குழந்தை தொலைஞ்சா என்ற குரல்தான் கண்டுபிடிச்சுக் குடுக்கும். சனம் என்ற மூஞ்சியப் பாத்ததில்லை. குரலைத்தான் தெரியும். அது போயிட்டா நான் யாருங்க?” என்றாள்.

கோகிலவாணிக்கு உள்ளே நூறு பதில் வந்தன. ஒன்றும் தொண்டையைத் தாண்டவில்லை.

“நான் பேசவே இல்லீங்களே அம்மிணி. நீங்க பாத்தீங்கல்ல? கல்லாட்டம் உக்காந்திருந்தேன். மனசுக்குள்ள மட்டும் நம்ம வேலையப் பாத்துட்டிருந்தேன்.”

“என்ன வேலைங்க்கா?”

“வண்டி அனுப்பற வேலைதான். பத்தேகால் தாராபுரம், பத்தரை ஒட்டன்சத்திரம், பத்து நாப்பது பழனி. எனக்குப் பதிலா நேத்து ஒரு புள்ளைய உக்கார வெச்சிருந்தாங்க, அது பல்லடத்தையும் பழனியையும் மாத்தி உட்டுரும்னு பயம். அதனால நானே இங்கிருந்து ஒவ்வொண்ணா அனுப்பி உட்டேன்.”

“மனசுக்குள்ளயா?”

“பின்ன? உள்ளுக்குள்ளயும் பேசாம இருக்க நானென்ன செவுருங்களா? நீங்க பேச மாட்டீங்களாக்கும்?”

“இல்லை” என்றாள் கோகிலவாணி சட்டென்று.

பதினான்கு வருடத்தில் அந்த மருத்துவமனையில் அவள் சொன்ன முதல் பொய் அது. கருணாம்பிகை போன பிறகு அந்தப் பொய்யை எடுத்து வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏன் அவ்வளவு வேகமாகச் சொன்னேன்? ருக்மணியோடு வழக்காடுகிற நேரங்களில் தன் நாக்கின் அடியில் ஏதோ மெல்ல இறுகுவது அவளுக்குத் தெரியும். சத்தம் வராது, உதடு அசையாது. ஆனால் நெடுநேரம் வழக்காடினால் தொண்டை களைத்துப்போகும், ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றும். தசைக்கு உள்ளே வெளியே என்று பேதம் தெரியுமா? பழைய மெஷினுக்கு அந்த மெல்லிய இறுக்கம் தெரியாது. பட்டாணிக்குக் கீழே அதற்குக் குருடு. ஆனால் எந்த ரேக் என்று பார்க்கிற மெஷினுக்கு?

அவள் எழுந்து போய் சிபியின் நூறு பேர் பட்டியலில் கையெழுத்துப் போட்டாள். முதல் பெயர்.

“நீங்களா?” என்றான் சிபி. அவன் முகத்தில் சந்தோஷத்துக்குப் பின்னால் வேறு ஏதோ ஓடியதுபோல இருந்தது.

“நாளைக்குக் காலைல எடுங்க. வெறும் வயித்துல வரேன். வேற யாராவது ஊசி போடட்டும். இந்த மெஷினுக்குப் பழசுல இருபதுல ஒரு பங்கு மருந்து போதும்னு நீங்கதானே சொன்னீங்க?”

மறுநாள் அவள் தன் ராஜ்ஜியத்தின் நாற்காலியில் முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நர்ஸ் மரிய செல்வி கண்கொட்டாமல் பார்த்தாள். உதடு அசையக்கூடாது. உள்ளே மட்டும். யாரோடு பேசுவது என்று முதலில் தயக்கமாக இருந்தது. வேண்டும் என்றே பேச உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. பிறகு ருக்மணியிடம் ஆரம்பித்தாள். அது சீக்கிரம் தீர்ந்துபோனது. விவாகரத்து ஆனவனிடம் போனாள். ஆச்சரியம், அவனிடம் சொல்ல நாலு வரிகூட மிச்சமில்லை. கடைசியில் டாக்டர் பெஞ்சமினிடம் பேசினாள். வெள்ளிக்கிழமை ஏன் வேண்டாம் என்று, ஒவ்வொரு காரணமாக, மரியாதையாக, ஒரு வக்கீலைப் போல. நடுவில் அவரைத் திட்டவும் செய்தாள். ஒரு மணி நேரம் போதவில்லை.

படம் வந்தபோது டாக்டர், சிபி, அவள் மூன்று பேரும் திரைக்கு முன் நின்றார்கள். கோகிலவாணியின் குரல்வளையில் கடுகு இரண்டு அல்ல. ஒரு சின்னத் திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் நாலு சிவப்பு வட்டம் போட்டு, அவசரம் என்று குறிப்பும் எழுதியிருந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “கோகிலா, நீ பேசினியா?”

“உதட்டால இல்லைங்க டாக்டர்.” பிறகு அவள் உள்ளே தயாரித்து வைத்திருந்த எல்லாவற்றையும் வெளியே சொன்னாள். பஸ்களைப் பற்றி, செவுரைப் பற்றி, நாக்கின் அடியில் இறுகுவதைப் பற்றி. எல்லாம் வரிசை மாறாமல் வந்தது. “எனக்கு வியாதி இல்லைன்னா அவங்களுக்கும் இல்லை. அவங்களுக்கு இருக்குன்னா வெள்ளிக்கிழமை எனக்கும் ஒரு கட்டில் போடுங்க.”

டாக்டர் அவளை வினோதமாகப் பார்த்தார். இவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டதில்லை. “எனக்கு ஒரே ஒரு சந்தேகம்” என்றார். “எல்லார் தொண்டையும் உள்ளுக்குள்ள பேசி மின்னும்னா, இயல்பு உடம்புல ஏன் மின்னல? சிபி தொண்டை இருட்டா கெடக்கே. இவன் சாமியாரா?”

சிபி சட்டையில் இருந்த டீக் கறையைச் சுரண்டினான்.

“மின்னுச்சுங்க டாக்டர்” என்றான் கடைசியில். “உங்களுது மாதிரியேதான் மேடம். நான்தான் மங்கலாக்கிட்டேன்.”

சிபி திரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தான்.

“முதல் படம் வந்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. அந்த ஒரு மணி நேரமும் எங்கப்பாகிட்ட சண்டை போட்டுட்டிருந்தேன். ஒரே வீட்லதான் இருக்கோம். ரெண்டு வருசமா நேர்ல ஒரு வார்த்தை கிடையாது. எங்க டீம்ல பதினோரு பேர் சுத்தி நின்னு படத்தைப் பாக்க வராங்க. துணி துவைச்ச மாதிரி அந்த இடத்தை மட்டும் அலசி விட்டுட்டேன். ரெண்டே நிமிசம். நோய் பாக்கறதுக்கு அது ஒண்ணும் தேவைப்படாதுன்னு நினைச்சேன்.”

“பதினோரு வருசம் தெளிவு தெளிவுன்னு உழைச்ச” என்றார் டாக்டர், “ரெண்டு நிமிசம் வெக்கப்பட்ட. அதுல ஒரு பொம்பள குரல் போயிருக்கும்.” அவர் சத்தம் போடவில்லை. அதனால் சிபிக்கு இன்னும் உறைத்தது.

கோகிலவாணிக்கு அவன்மேல் கோபம் வரவேண்டும். வந்தது, ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது. முந்தின நாள் தான் சொன்ன ஒரு சொல் பொய் ஞாபகம் வந்தது. அவனுக்குக் கையில் மெஷின் இருந்தது. அவளுக்கு வாய் மட்டும் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

“இதைப் பாத்து என்ன பேசினோம்னு தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியாதுங்க. எவ்வளவு பேசினோம்னுதான் தெரியும். ஆனா மெஷினுக்குள்ளயே படுக்க வெச்சு ஊசி போட்டு, எந்தத் தசை எப்ப அசையுதுன்னு பாத்தா... இன்னும் ரெண்டு படி தெளிவாக்கினா வார்த்தையும் வந்துடும்.”

“அதைச் செய்யாதீங்க.”

“நான் செய்யலைன்னா வேற யாராவது செய்வாங்க மேடம்.”

“செய்யட்டும். நீங்க செய்யாதீங்க. மனசுல பேசறதுக்கு மனுசனுக்கு இருக்கறதே ஒரு இடம். அதுக்கும் ரேக் நம்பர் போட்டா சனம் எங்க போகும்?”

சிபி தலையசைத்தான். அந்தத் தலையசைப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் சொன்னது சொன்னதுதான். சத்தமாக, இரண்டு சாட்சிகளுக்கு முன்னால்.

அளவுகோல் இப்போதே மாறவேண்டும் என்றார் டாக்டர். கையில் இருந்த ஒரே நேர்மையான படம் கோகிலவாணியுடையது. “வேணும்னா பேர் இல்லாம போடலாம்” என்றான் சிபி. “தொண்டையை மட்டும் கொஞ்சம் தணிச்சுக்கூட...”

“ஒண்ணையும் தணிக்காதீங்க. அப்படியே போடுங்க.”

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கு உறைத்தது. இனி இந்த ஊரில் யார் படம் எடுத்தாலும் அவளோடு வைத்துத்தான் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஊமைக்கோட்டான், இங்கே மனிதர்களுக்கு அளவுகோல். சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

சிபி விசைகளைத் தட்டினான். கருணாம்பிகையின் படம் மறுபடி வந்தது. இரண்டு கடுகும் அங்கேயே மினுங்கின, சிவப்பு வட்டம் இல்லை. உடம்பு முழுக்க ஒரு வட்டம்கூட இல்லை. டாக்டர் ஒவ்வொரு அங்குலமாகக் கீழ்வரை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைச் சீட்டைக் கிழித்துப் போட்டார். “மூணு மாசம் கழிச்சு வழக்கம்போல வரச் சொல்லு.”

சரிபார்ப்பதற்காக சிபி தன் பழைய படத்தையும் ஓட்டினான். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்தது. அவன் தொண்டையில் பெரிதாக ஒரு சிவப்பு வட்டம் விழுந்தது. பக்கத்தில் குறிப்பு: செயல் இல்லை, உடனே கவனிக்கவும்.

“சரியாத்தான் சொல்லுது” என்றார் டாக்டர். “சாயங்காலம் வீட்டுக்குப் போய் உங்கப்பாகிட்ட ரெண்டு வார்த்தை சண்டையாவது போடு. பத்தியம் அதுதான்.”

கோகிலவாணி செல்போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். நோயாளிகளுக்குத் தகவல் சொல்வது மரிய செல்வியின் வேலை. இதை அவளிடம் விட மனம் வரவில்லை. மூன்றாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் ஹாரன் சத்தம், இஞ்சின் உறுமல்.

“அம்மிணி, ஒரு நிமிசம், திண்டுக்கல் வண்டி எடுக்கறான்...”

“அக்கா, உங்க தொண்டையில ஒண்ணுமில்லீங்க. வெள்ளிக்கிழமை வர வேண்டியதில்லை. கத்தி வேண்டாம். அது வியாதியே இல்லை, நீங்க அனுப்பின பஸ்ஸுங்கதான்.”

கோகிலவாணி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், அரை நொடி பிந்தி, பிரம்மாண்டமாக, எங்கோ ஒரு பெரிய கூரையில் மோதித் திரும்பி அவள் காதுக்கே வந்தது. கருணாம்பிகை மைக்கை அணைக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்ட போன் மைக்கின் பக்கத்தில் இருந்தது. பஸ் ஸ்டாண்டு முழுக்க, பத்தொன்பது பிளாட்பாரத்துக்கும், டீக்கடைக்கும், கட்டணக் கழிப்பிடத்துக்கும் கேட்டிருந்தது.

முதலில் யாரோ ஒருவர் விசில் அடித்தார். பிறகு ஒரு டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்தார். அதைக் கேட்டு இன்னொருவர். அதற்குள் எங்கும் கைதட்டல்.

“அழுகையா வருதுங்க அம்மிணி” என்றாள் கருணாம்பிகை, அதுவும் மைக்கில். “எனக்குப் பேச வரலை. நீங்களே இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க, எல்லாரும் கேக்கறாங்க.”

அந்த நிமிடத்தில் போனை வைத்துவிடுவதுதான் கோகிலவாணியின் சுபாவம். அவள் வராந்தாவின் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“பழனி போற வண்டி எத்தனாவது பிளாட்பாரம்னு அந்த அக்காவைக் கேளுங்க” என்றாள், முகம் தெரியாத அத்தனை பேரிடமும். “ஏறி உக்காருங்க. அவங்களே அனுப்பி வெப்பாங்க.”